ஏர் பாக்ஸ் முதல் வால்வு வரை: எந்த வகுப்பில் எதில் கை வைக்கலாம்?

இன்டேக், அதாவது எஞ்சினுக்குள் காற்று போகும் வழியில், வேலைக்கு எடுத்துக்கொண்ட எஞ்சின் 250 சிசி, ஒற்றைச் சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக். 30 மி.மீ. சிவி கார்புரேட்டர் (உள்ளே உள்ள ஸ்லைடைக் காற்றோட்டமே தூக்கும் வகை), 10,500 ஆர்பிஎம்முக்கு மேல் ஏறவிடாத ரெவ் லிமிட்டர். வண்டி முதலில் அமெச்சூர் ரோடு ரேஸிங்கின் ஸ்டாக் வகுப்பில் (வண்டி பெரும்பாலும் கம்பெனி தந்தபடியே இருக்க வேண்டிய வகுப்பு) ஓடும். பிறகு சூப்பர்ஸ்போர்ட் மாதிரியான பாதி திறந்த வகுப்புக்கும், அதற்கு மேல் ஓப்பன் வகுப்புக்கும் போகலாம். அதனால் ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் 'இது எந்த வகுப்பு வரை செல்லும்' என்று குறித்துக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. ஸ்டாக்கில் தொடங்கி மேலே ஏறுவது சுலபம். துளை போட்ட ஏர் பாக்ஸோடு (ஃபில்டர் உட்காரும் காற்றுப் பெட்டி) கீழே இறங்க முடியாது.

விதியில் வினைச்சொல்லைத் தேடுங்கள்

இன்டேக்கில் கை வைக்கலாமா என்பதற்கு மொத்தமாக ஒரு பதில் கிடையாது. பாகத்துக்குப் பாகம், வகுப்புக்கு வகுப்பு பதில் மாறும். விதிப்புத்தகங்களில் இரண்டு வகை உண்டு. ஸ்டாக், புரொடக்‌ஷன், சூப்பர்ஸ்போர்ட் வகுப்புகளில் 'சொல்லாதது எல்லாம் கூடாது'. சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பான எஃப்ஐஎம்மின் விதிகளும் இந்த அடிப்படையில்தான் எழுதப்பட்டவை. பல கிளப்புகளின் விதிகளுக்கு அவைதான் முன்மாதிரி. ஓப்பன், ஃபார்முலா வகை வகுப்புகளில் இது தலைகீழ்: 'தடுக்காதது எல்லாம் ஆகும்'. உங்கள் வகுப்பு எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஸ்பேனரை எடுப்பதில் அர்த்தமில்லை.

அடுத்தது வினைச்சொல். 'மாற்றலாம்', 'திருத்தலாம்', 'அகற்றலாம்' மூன்றும் மூன்று வேறு அனுமதிகள். ஏர் ஃபில்டரை மாற்றலாம் என்று மட்டும் இருந்தால் ஃபில்டர் இல்லாமல் ஓட்ட அனுமதி இல்லை. ஜெட்டை (பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சிறு திருகு) மாற்றலாம் என்றால் கடையில் வாங்கிய வேறு எண் ஜெட்டைப் போடலாம். ஸ்லைடில் (கார்புரேட்டருக்குள் மேலும் கீழும் நகரும் துண்டு) துளையைப் பெரிதாக்குவது அதில் சேராது, ஏனென்றால் ஸ்லைடு ஜெட் இல்லை. சண்டைகளில் பாதி இந்த இடத்தில்தான் வருகின்றன. ஸ்பேர் பார்ட்ஸ் கேட்டலாக்கில் 'ஏர் கிளீனர்' பக்கத்தின் படத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் துண்டு எந்தப் பாகத்தைச் சேர்ந்தது, அதன் பார்ட் நம்பர் என்ன என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

பொது விதிக்கு மேல் அந்தந்தப் போட்டிக்கென்று துணை விதிகளும், பருவத்தின் நடுவில் வரும் திருத்த அறிவிப்புகளும் உண்டு. சந்தேகம் வந்தால் தொழில்நுட்பத் தலைமை அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள். 'ஏர் பாக்ஸில் ஏதாவது செய்யலாமா' என்று கேட்டால் மழுப்பலான பதில்தான் வரும். 'இந்தப் பார்ட் நம்பர் உள்ள ஸ்னார்க்கலைக் கழற்றிவிட்டு ஓட்டலாமா' என்று கேட்டால் ஆம், இல்லை என்று வரும். (ஸ்னார்க்கல் என்பது ஏர் பாக்ஸுக்குள் காற்று நுழையும் ரப்பர் கழுத்து.) அந்தப் பதிலை அச்செடுத்து வண்டிக் கோப்பில் வையுங்கள்.

வெட்டுவதற்கு முன் அளப்பது

எங்கே அடைப்பு இருக்கிறது என்று தெரியாமல் பெட்டியை வெட்டுகிறவர்கள்தான் அதிகம். அளக்கச் செலவு அதிகமில்லை: 2 மீட்டர் ஒளி ஊடுருவும் குழாய், ஒரு பலகை, ஒரு ஸ்கேல், கொஞ்சம் சாயத் தண்ணீர். குழாயை யூ வடிவத்தில் பலகையில் கட்டி, பாதி வரை தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை ஃபில்டருக்குப் பின்னால் சுத்தக் காற்று இருக்கும் பக்கத்தில் செருகுங்கள். இதற்காகப் பெட்டியில் துளை போட வேண்டாம். க்ராங்க்கேஸ் பிரீதர் குழாய் (எஞ்சினின் அடிப்பகுதியில் சேரும் ஆவியை வெளியே விடுவது) பெட்டியில் சேரும் முனையைத் தற்காலிகமாகப் பயன்படுத்தலாம். அந்த நேரத்தில் பிரீதரை ஒரு தனி டப்பாவுக்குத் திருப்பிவிட வேண்டும்.

ஒற்றைச் சிலிண்டர் வண்டியில் தண்ணீர் மட்டம் பைத்தியம் பிடித்த மாதிரி குதிக்கும். பழைய சிறிய ஜெட் ஒன்றைக் குழாய்க்குள் திணித்தால் துடிப்பு அடங்கிச் சராசரி மட்டம் தெரியும். டைனோவில் (எஞ்சின் சக்தியை அளக்கும் உருளை மேடை) முழு த்ராட்டிலில் வைத்துப் படியுங்கள். 10 மி.மீ. மட்ட வித்தியாசம் சுமார் 98 பாஸ்கல். அது வளிமண்டல அழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 100 மி.மீ. காட்டினால் நூற்றில் ஒரு பங்கு காற்று பெட்டியிலேயே போகிறது என்று கொள்ளலாம். ஃபில்டரைக் கழற்றி ஒருமுறை, ஸ்னார்க்கலைக் கழற்றி ஒருமுறை அளந்தால் எது எவ்வளவு சாப்பிடுகிறது என்பது பிரிந்துவிடும்.

காகிதத்திலும் ஒரு கணக்கு போடலாம். 250 சிசி எஞ்சின் 9,000 ஆர்பிஎம்மில் முழுதாக நிரம்பினாலும் நிமிடத்துக்கு 1,125 லிட்டர் காற்றுதான் இழுக்கும், விநாடிக்கு 18.75 லிட்டர். ஸ்னார்க்கலின் உள்விட்டம் 50 மி.மீ. என்றால் அதில் காற்றின் சராசரி வேகம் விநாடிக்கு 9.6 மீட்டர்தான். அந்த வேகத்தின் இயக்க அழுத்தம் 55 பாஸ்கல். அதாவது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஸ்னார்க்கல் எஞ்சினின் கழுத்தை நெரிக்கிறது என்று எல்லோரும் சொல்வது இந்த அளவு எஞ்சினில் நிற்காது. அதன் வேலை வேறு.

ஸ்னார்க்கலும் பெட்டியும்

பெட்டியும் அதன் கழுத்தும் சேர்ந்து ஒரு அதிர்வுப் பாத்திரம். காலிப் பாட்டிலின் வாயில் ஊதினால் சத்தம் வருவது போல. ஹெல்ம்ஹோல்ட்ஸ் சூத்திரப்படி அதிர்வெண் காண, கழுத்தின் குறுக்குப் பரப்பை, பெட்டியின் கொள்ளளவையும் கழுத்தின் நீளத்தையும் பெருக்கி வரும் எண்ணால் வகுத்து, அதன் வர்க்கமூலத்தை ஒலியின் வேகத்தால் பெருக்கி, 6.28-ஆல் வகுக்க வேண்டும்.

பெட்டியைக் கழற்றி, வாய்களை டேப்பால் அடைத்துத் தண்ணீர் ஊற்றி அளந்ததில் 7 லிட்டர். ஸ்னார்க்கல் நீளம் 150 மி.மீ.; இரு முனைகளிலும் காற்று சற்று வெளியே தள்ளி அசைவதால் கணக்கில் அது சுமார் 186 மி.மீ. ஆகிறது. விடை ஏறக்குறைய 67 ஹெர்ட்ஸ். ஒற்றைச் சிலிண்டர் நாலு ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை இழுப்பு. எனவே 67 ஹெர்ட்ஸ் என்பது சுமார் 8,000 ஆர்பிஎம். கார்னரை விட்டு வெளியே வரும்போது முள் நிற்கும் இடம் அதுதான்.

இப்போது ஸ்னார்க்கலைப் பிடுங்கிவிட்டு வெறும் துளையை விட்டால் கழுத்தின் நீளம் 3 மி.மீ. தகடு மட்டும், முனைத் திருத்தத்தோடு 45 மி.மீ. அதிர்வெண் 136 ஹெர்ட்ஸுக்குத் தாவுகிறது. அது 16,000 ஆர்பிஎம்முக்கும் மேலே. 10,500-இல் லிமிட்டர் உள்ள எஞ்சினுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. சத்தம் கூடும், நடு ரேஞ்சில் பள்ளம் விழும், ஓட்டுபவருக்கு மட்டும் வண்டி பறப்பது போல இருக்கும். மல்டி சிலிண்டர் வண்டியில் இழுப்புகள் நெருக்கமாக வருவதால் கணக்கு வேறு. அங்கே இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

விதிப்பக்கம்: ஏர் பாக்ஸ் உற்பத்தியாளர் தந்தபடியே இருக்க வேண்டும் என்பது எஃப்ஐஎம் சூப்பர்ஸ்போர்ட், சூப்பர்ஸ்டாக் விதிகளில் நெடுங்காலமாக உள்ள வாசகம். ஃபில்டர் எலிமென்ட்டுக்குத்தான் அங்கே விலக்கு. அதே வாசகத்தை எடுத்தாளும் கிளப் வகுப்புகளில் மூடியில் துளை போடுவது, உள்ளே இருக்கும் தடுப்பை வெட்டுவது எல்லாம் நேரடி மீறல். ஸ்னார்க்கல் தனியாகக் கழன்று வரும் ரப்பர் துண்டு என்பதால் அது பெட்டியைச் சேர்ந்தது இல்லை என்று வாதிடுபவர்கள் உண்டு. கேட்டலாக் படத்தில் அது பெட்டியோடு ஒரே தொகுதியில் வரையப்பட்டிருந்தால் வாதம் அங்கேயே முடிந்தது.

ஸ்டாக்கில் செய்யக்கூடியது, பெட்டியை அது இருக்க வேண்டியபடி இருக்கவைப்பது. மூடியின் ரப்பர் பட்டை சப்பையாகிவிட்டிருந்தால் புதிதாகப் போடுங்கள். விரிசலைக் கவனமாகத் தேடுங்கள். பெட்டிக்குள் ஒரு டார்ச்சை எரியவிட்டு இருட்டறையில் வெளியிலிருந்து பார்த்தால் மயிரிழை வெடிப்பும் தெரியும். இணைப்பு ரப்பர்களின் கிளாம்ப் காதுகள் ஒன்றையொன்று தொட்ட பிறகும் ரப்பர் சுழன்றால் அது இறுகவில்லை. ரப்பர் சுருங்கிவிட்டது, மாற்ற வேண்டும்.

ஃபில்டர்

இங்கே பெரும்பாலான வகுப்புகள் நம் கையைக் கட்டிப்போடுவதில்லை. அதே இடத்தில் அதே அளவில் உட்காரும் வேறு தயாரிப்பு எலிமென்ட்டைப் போடலாம். சுத்தமான பேப்பர் ஃபில்டருக்கும் விலை உயர்ந்த ஃபில்டருக்கும் யூ குழாயில் காணும் வித்தியாசம் பல வண்டிகளில் ஓரிரு சென்டிமீட்டர்தான். அழுக்கேறிய ஃபில்டரோடு ஒப்பிட்டுவிட்டுப் புதிய ஃபில்டருக்குப் புகழ் சேர்ப்பது வழக்கமான தவறு.

ஃபோம் ஃபில்டர் என்றால் கழுவி முழுதாகக் காயவைத்து, ஃபில்டர் ஆயிலைப் பிசைந்து ஏற்றி, ஒரு பழைய துணியில் சுருட்டி அழுத்திப் பிழிந்துவிட்டு அரை மணி நேரம் தொங்கவிட வேண்டும். முறுக்கிப் பிழிந்தால் ஒட்டுகள் பிரியும். ஆயில் அதிகமானால் வண்டி ரிச்சாக (கலவையில் பெட்ரோல் கூடி) ஓடும்; அதைச் சரிசெய்கிறேன் என்று ஜெட்டைக் குறைத்தால், ஆயில் காய்ந்த பிறகு லீன் (பெட்ரோல் குறைவு) ஆகிவிடும். விளிம்பில் மெல்லிய கோடு கிரீஸ் தடவி உட்காரவையுங்கள். அடுத்த முறை கழற்றும்போது அந்தக் கிரீஸ் கோட்டுக்கு உள்பக்கம் தூசி இருந்தால் ஃபில்டர் சரியாக உட்காரவில்லை.

ஃபில்டரை எடுத்துவிட அனுமதி இருக்கும் வகுப்பிலும் சிறிய எஞ்சினில் அதைச் செய்யாமல் இருப்பதே நல்லது. கிராவலில் ஒருமுறை சரிந்தால் போதும், மணல் சிலிண்டர் சுவரைக் கீறிவிடும்.

ஏர் பாக்ஸையே தூக்கி எறிந்துவிட்டு கார்புரேட்டரின் வாயில் கோன் ஃபில்டர் மாட்டுவது ஓப்பன் வகுப்பு வேலை. சிவி கார்புரேட்டரில் அதற்கு இரண்டு சிக்கல்கள். வாயின் விளிம்பில் சிறு துளைகள் இருக்கும். ஒன்று ஸ்லைடைத் தூக்கும் ரப்பர் சவ்வான டயாஃப்ரத்தின் கீழ் அறைக்குக் காற்று தருவது, மற்றவை பைலட், மெயின் ஏர் ஜெட்களுக்கானவை. கோன் ஃபில்டரின் ரப்பர் உதடு இவற்றில் ஒன்றை மூடினாலும் ஸ்லைடு ஒழுங்காக எழும்பாது. எத்தனை ஜெட் மாற்றினாலும் தீராத மர்ம நோயாகிவிடும். இரண்டாவது, பெட்டியில் அமைதியாக இருந்த காற்று இப்போது பக்கக்காற்றிலும் முன்னே போகும் வண்டியின் சுழலிலும் அலைபாயும். வாயில் சரியான நீளத்தில் பெல்மவுத் (புனல் வாய்) வைத்து, அதைச் சுற்றிப் பெரிய ஃபில்டர் போட்டால் ஓரளவு சமாளிக்கலாம்.

கார்புரேட்டர்

ஜெட் மாற்றம் கார்புரேட்டர் வண்டிகளின் ஸ்டாக் வகுப்புகளிலும் வழக்கமாக அனுமதிக்கப்படுவது, ஏனென்றால் வெப்பமும் உயரமும் மாறும்போது அது இல்லாமல் எஞ்சின் பாதுகாப்பாக ஓடாது. கார்புரேட்டர் பாடி, வென்டுரி (காற்று போகும் தொண்டை) விட்டம், ஸ்லைடு ஆகியவற்றுக்கு அந்தச் சலுகை இல்லை. விட்டத்தை சோதகர் 'போகும், போகாது' கேஜால் பார்ப்பார், 30 மி.மீ. வரம்பில் 30.2 இருந்தால் பேச்சுக்கு இடமில்லை. பாலிஷ் செய்வதும் உலோகத்தை நீக்குவதுதான், மறந்துவிடாதீர்கள்.

ஜெட் கிட் வாங்கினால் பெட்டியில் வரும் எல்லாவற்றையும் பொருத்தாதீர்கள். பெரும்பாலும் மெயின் ஜெட்கள், வேறு கூம்புள்ள நீடில் (ஸ்லைடோடு நகரும் ஊசி), மெல்லிய ஸ்லைடு ஸ்பிரிங், ஸ்லைடைத் துளையிட ஒரு டிரில் பிட் வரை இருக்கும். விதியில் 'ஜெட்களும் நீடிலும்' என்று இருந்தால் ஸ்பிரிங்கும் டிரில் பிட்டும் பெட்டியிலேயே இருக்கட்டும். ஸ்லைடின் துளையைப் பெரிதாக்கினால் அது வேகமாக எழும்புவது உண்மை. ஆனால் அளவு கொஞ்சம் மீறினாலும் ஸ்லைடு படபடக்கத் தொடங்கும். புது ஸ்லைடு வாங்குவதைத் தவிர வழியில்லை.

வேலை வரிசை முக்கியம்.

முதலில் ஃப்ளோட் (கார்புரேட்டரில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை) உயரம். கார்புரேட்டரைச் சாய்த்து, ஃப்ளோட்டின் நாக்கு நீடில் வால்வின் ஸ்பிரிங் முனையைத் தொட்டும் அழுத்தாமலும் இருக்கும் நிலையில் அளந்து, சர்வீஸ் மேனுவல் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இது தப்பாக இருந்தால் மேற்கொண்டு செய்வது எல்லாம் தப்பு.

பிறகு டயாஃப்ரம். ஸ்லைடை விரலால் முழுதாக உயர்த்தி, கீழ் அறையின் காற்றுத் துளையை மூடிக்கொண்டு ஸ்லைடை விடுங்கள். அது தொங்கி நின்றால், அல்லது மிக மெதுவாக இறங்கினால் டயாஃப்ரம் நலம். சட்டென்று விழுந்தால் ஊசித்துளை உண்டு.

மெயின் ஜெட்டை முதலில் முடிக்க வேண்டும், நீடில் அடுத்து, ஐடிலுக்கான பைலட் கடைசி. முக்கால் த்ராட்டிலிலிருந்து முழுசு வரை மெயின் ஜெட்டின் ஆட்சி. கைப்பிடியில் கால், அரை, முக்கால் என்று டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். சிவி கார்புரேட்டரில் ஒரு எச்சரிக்கை: கைப்பிடி திருகுவது பட்டர்ஃபிளையை (காற்று வழியைத் திறந்து மூடும் தட்டு) மட்டும்தான். ஸ்லைடு எவ்வளவு எழும்பும் என்பதைக் காற்றோட்டம் முடிவு செய்கிறது. 4,000 ஆர்பிஎம்மில் முழுதாகத் திருகினாலும் ஸ்லைடு பாதியில்தான் நிற்கும். ஆகவே மெயின் ஜெட் சோதனை மேல் ரெவ்வில்தான் செல்லும்.

நேர்பாதையில் மேல் கியரில் முழு த்ராட்டிலில் சில விநாடிகள் பிடித்து, த்ராட்டிலை மூடாமலே கில் சுவிட்சை அணைத்து, கிளட்சை இழுத்து ஓரம் வந்து பிளக்கைப் பாருங்கள். புதிய பிளக்காக இருக்க வேண்டும், பின்னால் யாரும் வராத சோதனை நேரமாகவும் இருக்க வேண்டும். வைட்பேண்ட் சென்சர் (எக்ஸாஸ்ட் புகையை வைத்துக் கலவையை அளப்பது) கிடைத்தால் அது இன்னும் தெளிவு: முழு த்ராட்டிலில் ஒரு பங்கு எடை பெட்ரோலுக்கு 12.8 முதல் 13.2 பங்கு வரை காற்று என்பது நல்ல இலக்கு. ரிச் பக்கமிருந்து இறங்கி வாருங்கள். லீன் பக்கமிருந்து ஏறுவது பிஸ்டனைப் பணயம் வைக்கும் வழி.

நீடிலை உயர்த்த அதில் கிளிப் பள்ளம் இல்லாவிட்டால் அடியில் 0.5 மி.மீ. வாஷர் ஒன்று போதும். அரைத் த்ராட்டிலில் தயக்கம் போகும். பைலட் ஸ்க்ரூ எஞ்சின் பக்கம் இருந்தால் அது பெட்ரோல் ஸ்க்ரூ: வெளியே திருகினால் ரிச். இரண்டு சுற்றில் தொடங்குங்கள். ஒரு சுற்றுக்குள்ளேயே எஞ்சின் நன்றாக ஓடினால் பைலட் ஜெட் பெரிது, மூன்று சுற்றைத் தாண்டினால் சிறிது. ஸ்க்ரூ ஃபில்டர் பக்கம் இருந்தால் எல்லாமே எதிர்மாறு.

ஜெட் எண்களில் ஒரு பொறி உண்டு. கெய்ஹின் எண் பெரும்பாலும் துளை விட்டத்தைக் குறிக்கும். 120 என்றால் 1.20 மி.மீ. மிக்குனியின் அறுகோண ஜெட்டில் எண் பெட்ரோல் பாயும் அளவைக் குறிக்கும். எனவே ஒன்றின் 120-ஐ இன்னொன்றின் 120-க்குப் பதிலாகப் போட முடியாது, தலை ஒரே மாதிரி இருந்தாலும்கூட.

உயரக் கணக்கிலும் பலர் இரட்டிப்பாகத் திருத்துகிறார்கள். காற்றடர்த்தி 10 சதவீதம் குறைந்தால் கலவை 10 சதவீதம் ரிச் ஆவதில்லை. கார்புரேட்டரில் அது அடர்த்தியின் வர்க்கமூலத்தைத்தான் பின்பற்றும், ஆக சுமார் 5 சதவீதம். கடல்மட்டத்தில் ட்யூன் செய்த வண்டியை 1,000 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோனால் ஏறக்குறைய இந்த நிலைதான். விட்ட எண் ஜெட்டில் 120-லிருந்து 117 போதும், ஏனென்றால் பரப்பு விட்டத்தின் வர்க்கம். பாய்வு எண் ஜெட்டில் 114. 300 மீட்டருக்கெல்லாம் ஜெட்டைத் தொடவே வேண்டாம்.

மேனிஃபோல்டும் போர்ட்டும்

கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள ரப்பர்தான் பெரும்பாலான 'ஜெட்டிங் பிரச்சனை'களின் பிறப்பிடம். எஞ்சின் சூடான பிறகு ஐடில் மேலேயே தொங்கி நின்றால், ஓடும்போது ரப்பரின் மேல் தண்ணீரை மெல்லத் தெளித்துப் பாருங்கள். ஓட்டம் மாறினால் அங்கே காற்று இழுக்கிறது. கார்ப் கிளீனராலும் இதைச் செய்வார்கள். சூடான சைலன்ஸரின் அருகில் அது தீ வேலை.

ரப்பரின் உள்விட்டமும் போர்ட்டின் (ஹெட்டுக்குள் வால்வு வரை போகும் காற்று வழி) வாயும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் அரை மி.மீ. படி இருப்பது சகஜம். காஸ்கெட்டையும் ரப்பரையும் நடுவில் உட்காரவைத்து போல்ட்டை இறுக்குவது எல்லா வகுப்பிலும் சரி. துளைகளில் இருக்கும் தளர்வு அளவுக்கு அதை நகர்த்தலாம். போர்ட்டின் வாயைத் தேய்த்துப் பொருத்துவது ஸ்டாக்கில் கூடாது. வார்ப்பின் சொரசொரப்பு உப்புத்தாளின் ஒரு தேய்ப்பில் போய்விடும், போரோஸ்கோப்பில் பார்ப்பவருக்கு அது உடனே தெரியும். 'கார்பனைத்தான் சுத்தம் செய்தேன்' என்ற பதிலை எல்லா சோதகர்களும் கேட்டுச் சலித்திருக்கிறார்கள். கார்பனை ரசாயனத்தில் ஊறவைத்து நைலான் பிரஷ்ஷால் எடுங்கள்; வார்ப்பு அப்படியே நிற்கும்.

ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால்

த்ராட்டில் பாடி, கார்புரேட்டர் பாடி போலவே ஸ்டாக்கில் தொடக்கூடாத பொருள். இரண்டாவது பட்டர்ஃபிளை உள்ள வண்டிகளில் அதைக் கழற்றுவதோ திறந்த நிலையில் நிறுத்துவதோ மேல் வகுப்புகளில் அனுமதிக்கப்படலாம், ஸ்டாக்கில் இல்லை. ஷாஃப்டைக் கழற்றினால் அதன் துளைகளை அடைக்க மறக்காதீர்கள். இன்டேக் காற்று வெப்பச் சென்சருக்குப் பதில் ஒரு ரெசிஸ்டரைச் சொருகி ஈசியூவை (எஞ்சினை நடத்தும் கணினி) ஏமாற்றுவது மலிவான தந்திரம். சென்சர்கள் மூலப்படி இருக்க வேண்டும் என்ற வரி உள்ள எந்த வகுப்பிலும் அது மீறல். வெயிலேறும்போது கலவையும் கெடும்.

ராம் ஏர்

முன்னிருந்து குழாய் வைத்துப் பெட்டிக்குக் காற்றடைப்பதால் வரும் லாபம் எவ்வளவு? மணிக்கு 150 கி.மீ. வேகத்தில் முழு இயக்க அழுத்தமும் பெட்டிக்குள் வந்தாலும் சுமார் 1,040 பாஸ்கல், அதாவது 1 சதவீதம். 200 கி.மீ.-இல் 1.8, 300 கி.மீ.-இல் 4.1. சிறிய வண்டிக்கு இது பொருட்டே இல்லை. அனுமதி இருந்தாலும் கார்புரேட்டர் வண்டியில் செய்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: ஃப்ளோட் அறையின் காற்றுக் குழாயும் அதே அழுத்தத்தில் இருக்க வேண்டும். வெளியே தொங்கினால் அந்த 1,040 பாஸ்கல், 14 செ.மீ. பெட்ரோல் மட்டத்துக்குச் சமமான எதிர்ப்பாக நின்று, வேகம் கூடக்கூட வண்டியை லீன் ஆக்கும். நேர்பாதையின் கடைசியில் உருகிய பிஸ்டன்களில் சிலவற்றின் காரணம் இதுதான்.

ரெஸ்ட்ரிக்டர்

சமநிலைக்காக இன்டேக்கில் ரெஸ்ட்ரிக்டர் தகடு கட்டாயமாக்கும் வகுப்புகளும் உண்டு. எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ரெஸ்ட்ரிக்டரின் வாயை அடைத்தால் எஞ்சின் உடனே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அதற்குப் பின்னால் எங்கோ காற்று நுழைகிறது. தெரியாமல் நடந்த கசிவுக்கும் தண்டனை அதேதான்.

பெட்டியைத் தொட்டால் கூடவே வருபவை

ஏர் பாக்ஸை எடுக்க அனுமதி இருக்கும் வகுப்பிலும் க்ராங்க்கேஸ் பிரீதரை அந்தரத்தில் விட முடியாது. எஃப்ஐஎம் விதிகளில் நாலு ஸ்ட்ரோக்குக்கு மூடிய பிரீதர் முறை, குழாய் ஏர் பாக்ஸுக்குள் முடிய வேண்டும். பெட்டியின் வடிகால் துளைகளும் அடைக்கப்பட்டிருக்க வேண்டும். எஞ்சின் உடைந்தால் ஆயில் டிராக்கில் கொட்டாமல் பெட்டிக்குள் தங்குவதற்காக. கேட்ச் டேங்க் (வெளிவரும் ஆயிலைப் பிடிக்கும் டப்பா) வைக்கும் இடங்களில் எஞ்சின் பிரீதருக்குக் குறைந்தது 500 சிசி, கியர்பாக்ஸுக்கு 250 சிசி. டேங்க்கை உயரத்தில் வையுங்கள், குழாயில் தொய்வு இருக்கக் கூடாது. தொய்வில் ஆயில் தேங்கினால் க்ராங்க்கேஸில் அழுத்தம் ஏறி சீல்கள் கசியும்.

சத்தமும் அப்படித்தான். சைலன்ஸர் முனைக்குப் பின்னால் 50 செ.மீ. தூரத்தில், 45 டிகிரி கோணத்தில் வைத்து அளக்கும் நிலைச் சோதனையில் இன்டேக்கின் உறுமல் பெரிதாகப் பதியாது. டிராக் ஓரத்தில் மீட்டர் வைத்து ஓடும் வண்டியை அளக்கும் இடங்களில் பதியும். சைலன்ஸரில் தேறி, இன்டேக்கில் தோற்ற வண்டிகள் உண்டு.

ஸ்க்ருடினிக்கு (அதிகாரிகளின் வண்டிச் சோதனை) போகும் முன்

கோப்பில் இருக்க வேண்டியவை: விதிப்புத்தகத்தின் அந்தப் பக்கம், கேட்டலாக் படம், எழுத்தில் வாங்கிய பதில், இப்போது உள்ளே இருக்கும் ஜெட் எண்கள். புரொடெஸ்ட் (மற்றொரு போட்டியாளரின் புகார்) வந்தால் கார்புரேட்டரைத் திறந்து காட்ட வேண்டியிருக்கும். ஃப்ளோட் அறைக்கு ஒரு புதிய ஓ-ரிங்கும், மேனிஃபோல்டுக்கு ஒரு காஸ்கெட்டும் பையில் வைத்தால் அடுத்த ரேஸுக்குத் தாமதமில்லை. ஸ்டாக்குக்கும் ஓப்பனுக்கும் ஒரே வண்டியை இறக்குகிறவர்கள் இரண்டு ஏர் பாக்ஸ் வைத்திருப்பதே மேல். ஒவ்வொன்றிலும் அதற்குரிய ஜெட் எண்ணைப் பெயின்ட் பேனாவால் எழுதிவிடுங்கள். திறந்த பெட்டிக்குப் போட்ட ஜெட்டோடு மூடிய பெட்டியை மாட்டினால் எஞ்சின் மேல் ரெவ்வில் தும்மும், தலைகீழாக மாட்டினால் பிஸ்டன் போகும்.

கடைசியாக எஞ்சினை ஓடவிட்டு, ஹேண்டிலை இடது கடைசிக்கும் வலது கடைசிக்கும் திருப்புங்கள். ஐடில் ஏறினால் பெட்டியைத் திரும்ப மாட்டும்போது கேபிள் நசுங்கியிருக்கிறது. எஞ்சினை நிறுத்தி, இரண்டு கடைசியிலும் த்ராட்டிலை முழுதாகத் திருகிக் கையை விடுங்கள். பட்டென்று தானாக மூட வேண்டும். சோதகர் வண்டிக்கு அருகில் வந்ததும் முதலில் செய்துபார்ப்பதும் பெரும்பாலும் இதைத்தான்.